கறையான் புற்றருகே பிடித்த வலி

முசேகிவா அந்தக் கறையான் புற்றுக்குப் பக்கத்தில் வந்தால் நின்றுவிடுவார். மழைக்காலம் முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டுக்கும், புகையிலையை அனலில் உலர்த்துகிற சூளைக்கும் சரிபாதியில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிற புற்று அது. வீட்டிலிருந்து வந்தாலும் அங்கேதான் நிற்பார், சூளையிலிருந்து திரும்பினாலும் அங்கேதான். இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, வயலில் யாரையோ தேடுகிற மாதிரி பார்வையை ஓட்டுவார். கொஞ்சம் நின்றால் வலி விட்டுவிடும். பிறகு ஒன்றுமே நடக்காதவர் போல நடப்பார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இலை கட்டுகிற கொட்டகையிலிருந்தே கத்துவேன்.

"என்ன மோஃபு, புத்துக்குள்ள சின்னவீடு ஏதும் வெச்சிருக்கீங்களா? தினம் நின்னு குசலம் விசாரிக்கிறீங்களே!"

"உன் கண்ணுல மண்ணைப் போட. இந்த வயசுல பெரிய வீட்டையே சமாளிக்க முடியல" என்று சிரிப்பார். மோஃபு என்பது அவர் குலப்பெயர். எங்கள் ஹுருங்வே வட்டாரத்தில் மதிப்புள்ள ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். சிரித்துவிட்டுச் செய்தித்தாளைக் கிழித்து, சூளையில் உதிர்ந்த இலையை நொறுக்கிச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வார். வாயில் புகையில்லாமல் அவரைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது.

நான் பக்கத்து நிலத்துக்காரி. என் மகன் பெயரால் என்னை ரெகாய் அம்மா என்பார்கள். புருஷன் செத்த பிறகு எனக்கென்று மிஞ்சியது இரண்டு மாடும் ஒரு வண்டியும்தான். தனியாகச் சூளை கட்ட வக்கில்லாததால் என் இலையும் முசேகிவாவின் சூளையில்தான் வேகும். அதற்குப் பதில் என் வண்டி அவர்களுக்கு விறகு சுமக்கும். அதனால் அந்த வீட்டில் எந்த அடுப்பில் என்ன வேகிறது என்பது எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்று முசேகிவாவின் மனைவி லோவெமோர் அம்மாவுடையது. இன்னொன்று, வடக்குப் பக்கம், அவர் தம்பி ஓபெர்ட்டின் மனைவி நெட்சாயுடையது. ஓபெர்ட் பிழைப்புக்காக ஜோஹன்னஸ்பர்க் போய் வருஷக்கணக்காகிறது. போனில் மட்டும் புருஷனாக இருந்தான். நெட்சாய் ஷுவாய் என்ற பெண்ணையும் எனோக் என்ற பொடியனையும் வைத்துக்கொண்டு, அவன் பங்கு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். அவள் நிலம் அந்தப் புற்றடியில்தான் தொடங்குகிறது.

அந்த வருஷம் மாசி மாதத்தில் மழை விடவே இல்லை. விடியும்போதே பனியோடு அடி இலையை ஒடிக்கப் போவோம். இலைப்பால் கையில் கறுப்புப் பிசினாக ஒட்டி, சோப்புப் போட்டாலும் போகாது. சட்ஸா என்கிற சோளக்களியை உருட்டி வாயில் போட்டால் அதுவும் கசக்கும். கொட்டகையில் உட்கார்ந்து இலையைக் கோலில் கட்டுவோம். நெட்சாய் கட்டுகிற வேகத்துக்கு யாராலும் ஈடு கொடுக்க முடியாது. முசேகிவா புற்றடியில் நிற்பதைப் பார்த்தால் அவள் கட்டுகிற கோலை வைத்துவிட்டு, ஒரு குவளை புளித்த கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"குடிங்க பெரியவரே. வெறும் வயித்துல நடந்தா இப்படித்தான்."

"வயிறு நல்லாத்தான் இருக்கு. இந்தக் காலுதான் புதுமாப்பிள்ளை கணக்கா முரண்டு பிடிக்குது" என்று வாங்கிக் குடிப்பார்.

அவள் நல்லதாக நினைத்துக் கொடுத்த கஞ்சி அது.

சூளை வேலை முடியப்போகிற சமயத்தில் கெசியா அத்தை வந்தாள். முசேகிவாவின் அப்பாவோடு பிறந்தவள். எங்கள் பக்கம் அத்தை வந்துவிட்டால் வீட்டில் ஆண்பிள்ளைகள் குரல் இறங்கிவிடும். கல்யாணம், சாவு, சண்டை எல்லாவற்றுக்கும் அவள் சொல்தான் கடைசி. வந்த அன்றே கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்தவள், முசேகிவா புற்றடியில் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"அவன் எதுக்கு அங்க நிக்கிறான்?"

"கால் வலி அத்தை" என்றாள் லோவெமோர் அம்மா. "கொஞ்ச மாசமா இருக்கு."

"வீட்டுல வலிக்குதா?"

"இல்ல. ராத்திரி மட்டும் பாதம் எரியுதுன்னு கட்டிலுக்கு வெளிய காலைத் தொங்கவிட்டுப் படுக்கிறாரு."

"சூளைகிட்ட?"

"அங்க உக்காந்துதானே இருக்காரு. வலியில்ல."

"அப்ப அந்த இடத்துல மட்டும் வலிக்குது."

"ஆமா அத்தை."

"போகையிலயும் அங்கதான், வரையிலயும் அங்கதான்?"

லோவெமோர் அம்மா புற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என் கையும் நின்றுவிட்டது. இத்தனை நாள் நான் கேலி பண்ணிக்கொண்டிருந்த விஷயம் அத்தை வாயில் வந்ததும் வேறாகிவிட்டது. பாதையில் மருந்து புதைத்து, அதைக் குறிப்பிட்ட ஆள் மிதித்தால் கால் விளங்காமல் போகும் என்பதைக் குழந்தையிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சித்சிங்கா என்போம். அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. அத்தை மட்டும் கேட்டாள்.

"அந்தப் புத்துக்கு அந்தாண்ட நிலம் யாரோடது?"

நெட்சாய் அப்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இலை கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. கட்டுகிற வேகம் குறையவே இல்லை, ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

குறிகாரரை அத்தையே வரவழைத்தாள். மழிக்காத முகமும் கோட்டும் பளபளக்கிற செருப்புமாக வந்தார். ஊர்த்தலைவர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்: "யாரு பேரையும் சொல்லிடாதீங்க. ஒருத்தியைச் சூனியக்காரின்னு சொன்னாலே போலீஸ் கேஸாயிடும். நான் இங்க வரவே இல்ல." குறிகாரர் பெயர் சொல்லவில்லை. "வடக்கால அடுப்பு எரியுது. அந்த அடுப்புலேர்ந்து ஒரு குவளை வருது" என்று மட்டும் சொன்னார். அது போதாதா?

புற்றடியில் தோண்டினார்கள். மண்வெட்டி கொஞ்சம் இறங்கியதும் குறிகாரர் தாமே குழிக்குள் கையைவிட்டு, ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். அதற்குள் மயிரும் மணியும் ஒரு நீலத்துணிக் கிழிசலும் இருந்தன. அவருடைய கோட்டின் கை எவ்வளவு அகலம் என்பதை நான் கவனித்தேன். அந்த நீலத்துணியில் நெட்சாயிடம் ஒரு பாவாடை இருக்கிறது; எனக்கே ஒன்று இருக்கிறது. பாதி ஊரிடம் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் ஒரு 'ஹா' எழும்பி அடங்கியது, அதற்குப் பிறகு யார் என்ன பேச முடியும்?

பிறகு முசேகிவாவைப் பாயில் படுக்க வைத்து, கெண்டைக்காலில் பிளேடால் வரிவரியாகக் கீறினார். கொம்பை வைத்து உறிஞ்சினார். கறுப்பு மருந்தை வெட்டில் தேய்த்தார். ஒன்று மட்டும் எனக்கு விசித்திரமாகப் பட்டது. அத்தனை கீறியும் ரத்தம் சரியாக வரவில்லை. குறிகாரர், "பாத்தீங்களா, ரத்தத்தைக் கட்டி வெச்சிருக்கா" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

ஓபெர்ட்டுக்கு அத்தை போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

"அண்ணனோட கால் போகப்போகுதுடா. உன் வீட்டுக்காரி இங்க இருந்தா அடுத்தது உசுரு."

வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஓபெர்ட், "நான் வர்ற வரைக்கும் அவ அம்மா வீட்டுல இருக்கட்டும் அத்தை" என்றான்.

"பிள்ளைங்க?"

"பிள்ளைங்க நம்ம பிள்ளைங்கதானே."

எங்கள் பக்கம் பிள்ளைகள் அப்பன் குடும்பத்துக்குத்தான். அவ்வளவுதான். விடிந்தபோது நெட்சாயின் சட்டியும் பானையும் முற்றத்தில் கிடந்தன. அவள் யாரையும் திட்டவில்லை. முசேகிவா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, எங்கள் வழக்கப்படி மண்டியிட்டுக் கையைத் தட்டிக் கும்பிட்டாள்.

"பெரியவரே, நான் குடுத்த கஞ்சியை நீங்க குடிச்சீங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சா? நீங்களே சொல்லுங்க. நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் பிள்ளைங்களோட இருப்பேன்."

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம். "வலி அங்கதானே வருது நெட்சாய்" என்றார்.

எனோக் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதறினான். அத்தை அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். என் வண்டியில்தான் நெட்சாயைப் பேருந்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க அவள் பேசியது ஒன்றுதான்: "எனோக்குக்கு ராத்திரி காது வலிக்கும் அக்கா. எண்ணெய் காய்ச்சி விடச் சொல்லுங்க."

வெட்டுக்காயம் ஆறவில்லை. ஓரம் கறுத்து, நடுவில் சாம்பல் நிறமாகி நாற்றமடித்தது. பெருவிரல் முதலில் நீலமானது, பிறகு கரியாய்ப் போனது. குறிகாரர் இரண்டாவது தடவை வந்து, "விஷம் இறங்குது, நல்ல அடையாளம்" என்றார். எனக்குத் தாங்கவில்லை. "இறங்கி எங்க போகுது, சுடுகாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மாட்டைப் பூட்டிவிட்டேன். அன்று லோவெமோர் அம்மா முதல்முறையாக அத்தை சொல்லைத் தாண்டினாள். அழுதுகொண்டே போர்வையை வண்டியில் விரித்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண், தூக்கம் போதாத முகம், கோபக்காரி. காயத்தைப் பார்த்ததும் முதலில் எங்கள் மூன்று பேரையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு அவர் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். கணுக்காலுக்குப் பின்னால் வைத்தாள், முழங்கால் மடிப்பில் வைத்தாள், தொடை இடுக்கில் வைத்தாள்.

"அம்மா, உங்க விரலைக் குடுங்க" என்று லோவெமோர் அம்மாவின் விரலைப் பிடித்து, லோவெமோர் அம்மாவின் பாதத்திலேயே வைத்தாள். "என்ன தெரியுது?"

"துடிக்குது."

"இப்ப இவர் காலுல வைங்க."

லோவெமோர் அம்மா வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். அழுத்தினாள். "ஒண்ணுமே இல்லையே" என்று டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள் டாக்டரம்மா. பாதம் சுண்ணாம்பாய் வெளுத்தது. தொங்கவிடச் சொன்னாள். மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாகியது. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள், அதே பட்டையைக் கணுக்காலில் கட்டி, ஒரு சின்னக் கருவியை வைத்துக் கேட்டாள். கையில் வைத்தபோது 'விஷ்க் விஷ்க்' என்று ஊதுகிற சத்தம் வந்தது. இடது பாதத்தில் வைத்தபோது வெறும் இரைச்சல்தான்.

"எத்தனை வருஷமா புகைக்கிறீங்க அப்பா?"

"பல்லு முளைச்சதிலேர்ந்து" என்றார். அந்த நிலையிலும் குறும்பு.

"ரத்தம் போற குழாய் உள்ளுக்குள்ள தடிச்சு, இறுகி, அடைஞ்சு கிடக்கு. நடந்தா சதைக்கு ரத்தம் அதிகம் வேணும். அது வராததால வலிக்குது. நின்னா விட்டுடும். நடக்கையில எப்ப பிடிக்கும்?"

"புத்துகிட்ட வந்தா."

"எந்தப் புத்து?"

அவர் சொன்னார். வீடு, புற்று, சூளை, தோண்டியெடுத்த புட்டி, எல்லாவற்றையும். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபம் போய், அவள் முகத்தில் வேறு என்னவோ வந்தது.

"அந்தப் பாதையை விட்டு வேற எங்கயாச்சும் நடந்து பாத்தீங்களா?"

"எங்க நடக்கறது? மத்த இடத்துக்கெல்லாம் ரெகாய் அம்மா வண்டி இருக்கே."

"எழுந்திருங்க. மெதுவா நடங்க. நான் கூட வரேன்."

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நீளமானது. ஒரு கை டாக்டரம்மா தோளில், ஒரு கை தடியில். காயத்தின் வலியோடு அவர் நொண்டி நொண்டிப் போனார். பிரசவ வார்டைத் தாண்டினார். மருந்து வாங்குகிற வரிசையைத் தாண்டினார். சமையல்கட்டுப் பக்கம், பீன்ஸ் வேகிற வாசனை வருகிற இடத்தில் சட்டென்று நின்றார். கெண்டைக்காலைப் பிடித்தார்.

"அதே வலியா அப்பா?"

"அதேதான்."

"காயத்து வலி இல்லையே?"

"இல்ல. இது அந்த வலி. புத்து வலி."

"வீட்டுலேர்ந்தோ சூளையிலேர்ந்தோ புத்து வரைக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் எங்க நடந்தாலும் பிடிக்கும் அப்பா" என்றாள் டாக்டரம்மா.

அவர் கீழே பார்த்தார். சிமெண்டுத் தரை. யாரோ அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "நெட்சாய்" என்றார். பிறகு என் முன்னால் அந்தப் பெரிய மனுஷன் வாய்விட்டு அழுதார். எனக்கும் கண்ணீர் வந்தது, யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வலியோடு மட்டும் வந்திருந்தால் புகையை விட்டு, மாத்திரை தின்று, நடந்து நடந்தே காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாள் டாக்டரம்மா. ரத்தம் ஓடாத காலில் பிளேடு பட்டால் ஆறாது. இடது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். வலது காலிலும் அடைப்பு தொடங்கிவிட்டது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குத் திரும்பினோம். உறவெல்லாம் கூடியிருந்தது. முசேகிவா கக்கத்தில் கட்டைகளை ஊன்றி, எல்லோர் முன்னாலும் நின்று சொன்னார். குழாய் இறுகினதைச் சொன்னார், தாழ்வாரத்தில் நடந்ததைச் சொன்னார். "நெட்சாய் ஒண்ணும் பண்ணல. அவளைக் கூட்டிட்டு வரணும். நானே போறேன்" என்றார்.

அத்தை பொறுமையாகக் கேட்டாள். "குழாய் இறுகிச்சு. சரி, டாக்டர் பொய் சொல்ல மாட்டா. இறுக வெச்சது யாரு?"

"புகை அத்தை."

"உங்க அப்பன் சாகிற வரைக்கும் புகைச்சான். ரெண்டு காலோடதான் குழிக்குள்ள போனான். ஊர் முழுக்கப் புகைக்குது. உனக்கு மட்டும் ஏன்?"

"அங்கயும் வலிச்சுது அத்தை. சிமெண்டுத் தரையில. அங்க எவ புதைச்சா?"

"மிதிச்சது உள்ள ஏறிடுச்சுடா. நீ போற இடமெல்லாம் அதுவும் கூட வரும். அவ இப்ப அம்மா வீட்டுல இருக்கா, உன் இன்னொரு காலு கெடுதுங்கறே. அவ கை எவ்வளவு நீளம்னு பாத்துக்க."

கூட்டம் அத்தை பக்கம் சாய்ந்தது. என் கண் முன்னால் சாய்ந்தது. டாக்டர் சொன்னதையே எடுத்து அத்தை நெட்சாய் தலையில் கட்டிவிட்டாள். நான் வாயைத் திறந்தேன்; "வண்டிக்காரிக்கு எங்க குடும்பத்துல என்ன பேச்சு?" என்று ஒரு கிழவன் அடக்கினான். அன்றைக்கே இன்னொன்றும் காதில் விழுந்தது. ஷுவாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, ஒருத்தி குவளையை வாங்காமல் கையை இழுத்துக்கொண்டாள். "தாய் எப்படியோ" என்று முணுமுணுத்தாள். முசேகிவாவுக்கும் அது கேட்டது.

இலையுதிர்ந்த காட்டில் துளிர் சிவப்பாகக் கிளம்பின நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தையும் லோவெமோர் அம்மாவும் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு சாலையோர மரத்தடிக்கு ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். முசேகிவா என் வாசலுக்கு வந்தார். ஷுவாய் தலையில் ஒரு மூட்டை. எனோக் புதுச்சட்டை போட்டிருந்தான்.

"ரெகாய் அம்மா, பேருந்துல பிள்ளைங்களை அவங்க அம்மாகிட்ட கொண்டுபோய் விடு."

"மோஃபு, உங்க தம்பி?"

"அவன் போன்ல வரட்டும், நான் பேசிக்கிறேன்."

"சரி, மாட்டைப் பூட்டறேன்."

"வண்டி வேணாம். நான் நடந்து வரேன்."

பைத்தியமா உங்களுக்கு என்று கத்தினேன். கேட்கவில்லை. ஒற்றைக்காலும் இரண்டு கட்டையுமாகக் கிளம்பினார். குழாயடியில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பிடிக்கிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருகிட்டயாச்சும் மண்வெட்டி இருக்கா?" என்று உரக்கக் கேட்டார். "எனக்கு இங்க வலிக்குது. வந்து தோண்டுங்க."

ஒருத்தி சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். வலி விட்டதும் நடந்தார். கடைத்தெருவில் பிடித்தது. பீர் குடித்துக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்து, "எழுந்து வாங்கடா, இங்கயும் தோண்டுங்க! புட்டி இருக்கும்!" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவன் மட்டும் தொப்பியைக் கழற்றினான்.

ஜெபக்கூட்டத்துக்கு முன்னால் வரும்போது அவர் முகம் வேர்த்து ஊற்றியது. வேண்டுமென்றே நின்றாரா, வலியால் நின்றாரா எனக்குத் தெரியாது. பாட்டு நின்றது.

"அத்தை, மண்வெட்டி கொண்டாரச் சொல்லுங்க. சாமி கும்பிடற இடத்துலயும் வலிக்குது. இங்க எப்ப வந்து புதைச்சா?"

அத்தை எழுந்து வந்தாள். அவள் பார்வை அவர் மேல் இல்லை, மூட்டை மேல் இருந்தது. "பிள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போற?"

"அவங்க அம்மாகிட்ட."

"அது நம்ம ரத்தம் முசேகிவா."

"நம்ம ரத்தம் எப்படி ஓடுதுன்னுதான் பாத்தோமே அத்தை. வழியை விடுங்க."

அத்தை வழிவிடவில்லை. லோவெமோர் அம்மாதான் வெள்ளை அங்கியோடு எழுந்து வந்து, அத்தை தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். எனோக்கின் மூக்கைத் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எங்களோடு நடந்தாள்.

பேருந்து வந்தது. "நெட்சாய்கிட்ட என்ன சொல்லட்டும் மோஃபு?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன சொல்ல வாய் இருக்கு? பிள்ளைங்களைக் குடு. போதும்."

ஜன்னலோரம் உட்கார்ந்தோம். பேருந்து நகர்ந்தபோது ஷுவாய் கழுத்தை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியம்மா, பெரியப்பாவோட அந்தக் காலையும் வெட்டுவாங்களா?"

"வெட்டலாம்மா. தெரியல."

மூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எனோக் என் மடியில் தூங்கிவிட்டான்.

"வெட்டினா, அதையும் எங்க அம்மாதான் பண்ணாங்கன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்க" என்றேன். அந்தக் குழந்தையிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.